முன் இடப்பக்கச் சில்லு

— ஒரு மனிதனின் ஒழுக்கத்தை அவனுடைய வாகனம் எழுப்பும் ஓசையிலேயே அறிந்துகொள்ளலாம், கஸ்பர். முப்பது வருசமா நான் இதைச் சொல்லிவாறன்.

— குலசேகரம் அண்ணை, உங்கட வாகனம் இப்ப என்ரை கராஜுக்குள்ளை வரேக்கை பன்றிக்குட்டி மாதிரிக் கத்தினது.

— அதுக்குத்தான் வந்திருக்கிறன். ஒக்டோபரிலை நீர்தானே முன் சில்லு ரெண்டுக்கும் அதிர்ச்சி தாங்கிற புது ரப்பர் புஷ் போட்டனீர்? குளிர் இறங்கின நாளிலையிருந்து இந்த அவலம். வேகத்தடையிலை ஏறினால் கிறீச், இறங்கினால் கிறீச். நேற்று பஸ்ஸுக்கு நிண்ட சனமெல்லாம் திரும்பிப் பாத்தது. ஜெர்மன்காரன் செய்த கார், ஐசே.

— குளிருக்கு ரப்பர் கொஞ்சம் இறுகும், அண்ணை. முனகும். ஆனா புது ரப்பர் இப்பிடிக் கத்தாது. பொறுங்கோ, மேலாலை ரயில் போகுது... சரி, போட்டுது. சொல்லுங்கோ.

— சொல்ல என்ன இருக்கு? ஞாயிற்றுக்கிழமை கோயில் பொதுக்கூட்டம். தீர்மானம் எழுதி வைச்சிருக்கிறன், கேளும். "லண்டன் லூயிஷாம் ரயில் பாலத்தின் கீழ் இயங்கும் கஸ்பர் என்பாரின் கராஜில் அடியார்கள் எவரும் தம் வாகனங்களை ஒப்படைக்கலாகாது."

— இஞ்சாருங்கோ, அதை வாசிச்சுத்தான் ஆகவேணுமோ? இந்தத் தம்பி பாவம்.

— சிவனேஸ்வரி, நீ பேசாமல் இரு. இது பொதுநலம்.

— அக்கா, அவர் வாசிக்கமுன்னமே ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டார். போன கிழமை நாலு பேர், வேலை முடியமுன்னமே சாவியை வாங்கிக்கொண்டு போட்டினம். எனக்கு வாறது முழுக்கக் கோயில் சனம்தான். இதையும் வாசிச்சால் நான் கதவைப் பூட்டவேண்டியதுதான். அண்ணை, நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் எண்டாலும் உங்கட சாமி ஊர்வலம் வாற வண்டிக்குச் சில்லுப் பூட்டினது நான்தானே?

— அதை நான் மறுக்கேல்லை. ஆனால் குலசேகரம் முகம் பார்த்து நியாயம் சொல்லுற ஆள் இல்லை. கோயிலிலை விளக்கு எரிக்க வைச்சிருந்த எண்ணெய் ரெண்டு டின் காணாமல் போச்சே, அதை விசாரிக்கிற குழுவுக்கு என்னை ஏன் தலைவராப் போட்டவை? ஐயரையே கூப்பிட்டு நிப்பாட்டிக் கேள்வி கேட்டனான்.

— ஐயர் அண்டைக்கு அழுதவர்.

— சிவனேஸ்வரி, அழுதால் குற்றம் இல்லையெண்டு ஆகாது. கழட்டும் கஸ்பர், சில்லை. உம்முடைய வேலையின் லட்சணத்தை நானும் பாக்கிறன்.

— ஜக் வைச்சுக் காரைத் தூக்கியாச்சு, இடப்பக்கச் சில்லும் கழண்டுது. ஓரமா நில்லுங்கோ. அக்கா, அந்த லைற்றைக் கொஞ்சம் பிடியுங்கோ. இன்னும் கீழை... இதென்ன, வெள்ளையா?

— பனிதானே.

— பனியெண்டால் தண்ணியாய் ஓடும், அண்ணை. இது மெழுகு மாதிரி. புஷ்ஸைச் சுத்தி ஒரு விரல் தடிப்பிலை அப்பிக்கிடக்கு. ரப்பர் வீங்கி வெடிச்சுப்போச்சு. மணந்து பாருங்கோ, அக்கா.

— தேங்காயெண்ணெய்.

— ஓம், அது நான்தான் கொஞ்சம் பூசினனான். தொடக்கத்திலை லேசாத்தான் முனகினது. யாழ்ப்பாணத்திலை நான் வேலை செய்த பஸ் டிப்போவிலை கதவுக்கும் அதுதான், சைக்கிளுக்கும் அதுதான். ஒரு நாளும் பிழைச்சதில்லை.

— அங்கை அது உறையாது, அண்ணை. இஞ்சை தை மாசம், வெளியிலை எல்லாம் கட்டியாக் கிடக்கு. அதோடை ரப்பருக்கு எண்ணெயே ஆகாது. கொஞ்சமோ பூசினனீங்கள்?

— ஞாயிறு தவறாமல், தம்பி. கிண்ணத்திலை உருக்கிக்கொண்டு போய்க் காருக்குக் கீழை படுப்பார். சத்தம் கூடக் கூட எண்ணெயும் கூடினது.

— டிப்போவிலை அண்ணை மெக்கானிக்கோ?

— நிர்வாகம்.

— டிக்கற் புத்தகம் எண்ணினவர், தம்பி.

— சரி, சரி. தீர்மானத்தை நான் திருத்துறன். கார் கத்தினது "குளிரின் கொடுமையால்" எண்டு போடுவம். ஒருத்தருக்கும் மனம் நோகாது.

— குளிர் என்ன செய்தது, அண்ணை? என்ரை பேரைக் கெடுத்தது உங்கட எண்ணெய். அதை நீங்கள் கூட்டத்திலை எழும்பிச் சொல்லவேணும். சொல்ல வெக்கமெண்டால் அந்த எண்ணெய்ப் போத்திலைக் கொண்டுவந்து மேசையிலை வையுங்கோ, மிச்சத்தை நான் சொல்லுறன்.

— போத்தில் ஒண்டும் கொண்டுவர ஏலாது. சிவனேஸ்வரி, நீ போய்க் காருக்குள்ளை இரு.

— கார் ஜக்கிலை நிக்குது, அண்ணை.

— அப்ப வெளியிலை நில்.

— போத்தில் இல்லை, தம்பி, டின். உருகட்டுமெண்டு எங்கட குளியலறை ஹீட்டருக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறார். மூடியிலை கோயில் சீல் குத்தியிருக்கு. மற்ற டின் இன்னும் உடைக்கேல்லை.