குறை இருந்தால் அன்றே திருத்தித் தரப்படும்

சவர்க்காரம் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி வாங்குவதென்றால் மூடியைப் பார்த்து வாங்க வேண்டும். நிறமும் பூவேலையும் இரண்டாம் பட்சம். அமர்த்தினால் 'டக்' என்று பிடிக்க வேண்டும், நகத்தால் நெம்பினால்தான் திறக்க வேண்டும். அப்படிப்பட்ட பெட்டி கடலில் எத்தனை நாள் கிடந்தாலும் உள்ளே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் போகாது. திருகோணமலைக் கடைத்தெருவில் இருக்கிற அத்தனை சவர்க்காரப் பெட்டிகளையும் நெம்பிப் பார்த்தவன் நான். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

சட்டத்தரணி நஜ்முன் நிஸா அவர்களே, இரண்டு தடவை என் கடைக்கு வந்து வாக்குமூலம் கேட்டீர்கள். இரண்டு தடவையும் முடியாது என்றேன். இப்போது நானாகவே எழுதுகிறேன். யாரும் அடிக்கவில்லை, வெருட்டவில்லை. நேற்று நீதிமன்றத்தில் ஒரு வார்த்தை என் காதில் விழுந்தது. அதைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஏலாது. அந்த வார்த்தை எது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் ஆனந்தராசா. மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையில் பதினெட்டு வருடமாக ரேடியோ திருத்துகிறேன். கடைக்குப் பெயர் கிடையாது. வாசல் பலகையில் ஒரே ஒரு வரிதான்: குறை இருந்தால் அன்றே திருத்தித் தரப்படும். ஊரடங்கு வந்தது, சுற்றிவளைப்பு வந்தது, இரண்டு தடவை கூரையில் செல் சிதறல் விழுந்தது. அந்த வரியை நான் அழிக்கவில்லை. என் கையால் போன சாமான் குறையோடு திரும்பி வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

நான் செய்த சாமானுக்குக் கூவி என்று பெயர் வைத்தது கிண்ணியாப் பாயிஸ். இருட்டியபின் படகு கடலில் நிற்கக் கூடாது என்று கடற்படை கட்டளை போட்ட காலம் அது. பொழுது சாய முன் வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும். விடிந்து போய்ப் பார்த்தால் விட்ட இடத்தில் வலை இருக்காது, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். பாயிஸ் ஒரே மாதத்தில் இரண்டு வலை தொலைத்துவிட்டு என் கடை வாசலில் வந்து குந்தினான்.

"ஊரில உள்ள ரேடியோ எல்லாத்தையும் பாட வைக்கிறீங்கள். என்ர வலையையும் ஒருக்காப் பாட வையுங்களன் அண்ணை," என்றான்.

பகிடிக்குத்தான் சொன்னான். நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. ஒரு சின்னச் சுற்றுத் தட்டில் ஒரு திரான்சிஸ்டர், ஒரு சுருள், அதோடு ஒரு சதுரப் பற்றரி. சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்து வலையின் மிதவையில் கட்டிவிட்டால், 'கீ... கீ...' என்று விடாமல் கூவும். எஃப்.எம். வரிசையில், ஒரு நிலையமும் இல்லாத மூலையில் அந்தச் சத்தம் கேட்கும். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன ரேடியோ போதும். அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்ற வேண்டும். முதுகு எந்தப் பக்கம் இருக்கும்போது சத்தம் சாகிறதோ, வலை அந்தப் பக்கம் கிடக்கிறது. படகுகள் ஏறி நசித்துவிடாமல் மூடியில் ஒரு சிவப்புப் பல்பும் மினுங்கும். ஒவ்வொரு மூடியிலும் 'ஆ' என்று என் எழுத்தைக் கீறிவிடுவேன்.

அறுபது கூவி செய்து கொடுத்தேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் தந்திருப்பார்களா? துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒலிபரப்புகிற சாமான் செய்தான் என்று என்னை முகாமுக்கு ஏற்றியிருப்பார்கள். அறுபது குடும்பமும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வலையும் தொலையவில்லை, என் தலையும் தப்பியது.

வீரக்குட்டி இறக்கக்கண்டியில் தொழில் செய்தவன். வலைக்கென்று ஏற்கெனவே ஒரு கூவி வாங்கியிருந்தான். பிறகொரு நாள் வந்து இன்னொன்று வேண்டும் என்றான். தட்டையாக வேண்டும், மிதவை வேண்டாம், பல்பும் வேண்டாம்.

"எந்த வலைக்கு?" என்று கேட்டேன்.

"வலைக்கில்லை அண்ணை. மாடொண்டு அடிக்கடி பட்டியை விட்டு ஓடுது."

அவனிடம் மாடு கிடையாது என்பது எனக்குத் தெரியும். அவனுடைய பெண்சாதி யோகமலர் அடி தாங்காமல் ஓடி ஒரு வருடம் ஆகிறது என்பதும் தெரியும். உப்புவெளியில் ஒரு தையல் நிலையத்தில் வேலை செய்தாள். இவன் பின்னால் போனால் அங்குள்ள பெண்கள் கூடிச் சத்தம் போடுவார்கள், அவள் வேறு வீட்டுக்கு மாறிவிடுவாள். இப்படி மூன்று வீடு மாறியிருந்தாள். ஊர் முழுக்கத் தெரிந்த கதை எனக்கு மட்டும் தெரியாது என்று சொல்ல நான் பொய்யன் இல்லை.

நான் செய்து கொடுத்தேன். கடைக்கு வருகிறவனிடம் மாடு இருக்கிறதா என்று பட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டா விற்பது?

யோகமலர் செத்தபின் நீங்கள் வந்தீர்கள். அவளுடைய தாய் குணமணி உங்கள் பின்னால் நின்றார். வெட்டியவன் மறியல் சிறையில் இருக்கிறான், செய்து கொடுத்தவனையும் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றீர்கள். கயிறு விற்றவனைக் கேட்டுக்கொண்டா ஆட்கள் தூக்குப் போடுகிறார்கள் என்று நான் கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை.

"கயிறு விக்கிறவர் சுருக்குப் போட்டுக் குடுக்கிறதில்லையே," என்றீர்கள். "கடலில கிடக்கிற சாமானுக்குப் பல்பு வேணும், மத்தவங்க காணோணும் எண்டு நீங்கதான் வச்சீங்க. அவன் சொன்ன உடனே அதை ஏன் எடுத்தீங்க? மத்தவங்க காணக்கூடாது எண்டுதானே?"

கெட்டிக்காரத்தனமான கேள்விதான். ஆனால் என்னை அசைக்கவில்லை. கேட்டவனுக்குக் கேட்டபடி செய்து கொடுப்பது தொழில். சாமான் பழுதானால் செய்தவன் பொறுப்பு. சாமானைக் கொண்டு அவன் என்ன செய்கிறான் என்பது அவன் பொறுப்பு. அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்கிறேன். எந்த நீதவான் முன்னாலும் சொல்வேன்.

இனி நேற்றைய கதைக்கு வருகிறேன். நீதிமன்றத்தில் நான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். யோகமலரின் கைப்பையில் கிடந்த சவர்க்காரப் பெட்டியை எடுத்துக் காட்டினார்கள். மூடியில் என் எழுத்து. இதை வைத்துத்தான் வீரக்குட்டி அவளைத் தேடிப் பிடித்தான் என்று நீங்கள் வாதாடினீர்கள். அவனுடைய சட்டத்தரணி எழும்பினார். பெட்டியைப் பரிசோதித்த அறிக்கையை வாசித்தார். உள்ளே இருப்பது கருகிப்போன தட்டு, அது கூவவே கூவாது. ஆகவே வீரக்குட்டி யாரையும் தேடவில்லை. ரேடியோவில் கிரிக்கெட் கேட்டபடி மீன் வியாபாரியைப் பார்க்கப் போனான். தற்செயலாக வழியில் பெண்சாதியைக் கண்டான், வாய்த்தர்க்கம் வந்தது, கோபத்தில் கைமீறிவிட்டது. இவ்வளவும் சொல்லிவிட்டு, "இந்தக் குப்பைச் சாமானை நம்பியா ஒருவனுக்குக் கொலைக் குற்றம் சுமத்துகிறீர்கள்?" என்றார்.

குப்பைச் சாமான். தொடக்கத்தில் நான் குறிப்பிட்டது இந்த வார்த்தையைத்தான். முன் வாங்கில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். குணமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீங்கள் கடதாசியைப் புரட்டினீர்கள். பதினெட்டு வருடத்தில் என் சாமானை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்தத் தட்டு கருகினது உண்மை. ஆனால் யோகமலரைத் தேடிக் கொடுத்த தட்டு அது இல்லை.

நடந்தது இதுதான். வீரக்குட்டி ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் நின்ற அவளுடைய சைக்கிளில், இருக்கைக்கு அடியில் பெட்டியைக் கம்பியால் கட்டிவிட்டான். மூன்று நாளில் சத்தம் நின்றுவிட்டது. அதன்பின் ஒவ்வொரு நாளும் மூன்று மணிபோல் கடைக்கு வந்து முறையிட்டான்.

"சாமானைக் கொண்டாங்கோ, திருத்தித் தாறன்," என்றேன்.

"கொண்டுவர ஏலாது அண்ணை. அது மாட்டில கிடக்கு," என்று சிரித்தான்.

என்னால் சிரிக்க முடியவில்லை. நல்ல தட்டைப் பெட்டி கிடைக்காமல் மூடி இளகின பெட்டி ஒன்றில் செய்து கொடுத்திருந்தேன். குறை என்னுடையது. அந்த நாட்களில் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் யோகமலர் வந்தாள். சைக்கிளில் ஏறாமல் உப்புவெளியிலிருந்து உருட்டிக்கொண்டே வந்திருந்தாள். வேர்த்து ஒழுகியது.

"அண்ணை, இது உங்கட கூவி எல்லே?" என்று இருக்கைக்கு அடியைக் காட்டினாள். "எழுத்தைக் கண்டு பிடிச்சனான். தொட்டா வெடிக்குமோ எண்டு முதல் பயந்துபோனன்."

"ஓம், என்ர சாமான்தான்," என்றேன்.

"அவர்தான் கட்டியிருக்கிறார். நாளைக்கு இதைப் பொலிசில குடுக்கப் போறன். நீங்கள் அறியாமத்தான் குடுத்திருப்பீங்கள். சொல்லாமப் போனா உங்களைத் திடீரெண்டு வந்து பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். அது பாவமெல்லே. அதுதான் முதல் உங்களிட்ட வந்தனான்."

அவள் நல்லவள். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

"நல்ல காரியம் தங்கச்சி. நாளைக்குக் காலமை நானும் கூட வாறன். இருந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கோ, நான் கழட்டித் தாறன்," என்றேன். உட்காரக் கதிரையைத் துடைத்துக் கொடுத்தேன்.

நான் பயந்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பெட்டி பொலிசுக்குப் போனால் அறுபது கூவியையும் பிடுங்குவார்கள் என்றும், நான் முகாமுக்குப் போனால் திரும்பமாட்டேன் என்றும் நினைத்தது உண்மை. யார்தான் நினைக்கமாட்டார்கள்? ஆனால் கை செய்தது தொழில். சைக்கிளைப் பின்னறைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தேன். பற்றரி முனையில் உப்பு ஏறிப் பச்சையாகப் பூத்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. சுரண்டித் துடைத்தேன், புதிதாக ஈயம் ஒட்டினேன், புதுப் பற்றரி போட்டேன். ஒரு ரேடியோவை முறுக்கிக் காதில் வைத்தேன். முதல் நாள் போல் கூவியது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். அந்தச் சாமான் யாருடையது? வாங்கினவன் வீரக்குட்டி, முறைப்பாடு வைத்தவனும் அவன். திருத்தின சாமானை வாங்கினவன் வைத்த இடத்தில் வைப்பதுதானே முறை? அடியில் வைத்தால் அவள் கண்டுவிடுவாள். ஆகவே ரெக்சின் உறையைப் பிரித்து, பஞ்சுக்குள் குழி தோண்டி, தட்டையும் பற்றரியையும் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைத்தேன். பழைய துளைகளிலேயே ஊசி ஏற்றித் தைத்தேன். தையல்காரி ஒருத்தியின் கண்ணுக்குத் தப்பத் தைப்பது சின்ன வேலை இல்லை. வெறும் பெட்டிக்குள், கழிவுத் தகர ரின்னில் கிடந்த கருகின தட்டைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"செத்துப்போச்சு. இனி உங்களை ஒண்டும் செய்யாது. நாளைக்குக் காட்டக் கவனமா வச்சிருங்கோ," என்றேன்.

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்பது அழகில்லை. ஏறி மிதித்துக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கு வீரக்குட்டி வழக்கம்போல வந்து நின்றான். "இப்ப போட்டுப் பாருங்கோ," என்றேன். ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வாசற்படியில் நின்று மெல்லச் சுற்றினான். சந்தைப் பக்கம் முதுகு திரும்பியபோது சத்தம் செத்தது. அவன் என்னைப் பார்த்தான்.

"வேலை செய்யுது அண்ணை."

"ஓம்," என்றேன்.

உப்புவெளியில் அவள் புதிதாகக் குடியிருந்த வீட்டுப் படலை வாசலில், பொழுது படமுன், மீன் வெட்டுகிற கத்தியால் நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

அந்தச் சைக்கிள் நீதிமன்றக் களஞ்சியத்தில் நிற்கிறது. இருக்கையை ஒருவரும் அறுத்துப் பார்க்கவில்லை. அறுக்கச் சொல்லுங்கள். பற்றரி இதற்குள் இறங்கியிருக்கும். புதிதாக ஒன்று போட்டு, குப்பைச் சாமான் என்று சொன்ன அந்தப் பெரிய மனிதரின் காதில் ஒரு ரேடியோவை வைத்துக் காட்டுங்கள். இதற்காக என்னையும் கூண்டில் ஏற்றினால் ஏற்றட்டும், வருகிறேன். அங்கேயும் நான் சொல்லப்போவது ஒன்றுதான்: பழுதுக்கு நான் பொறுப்பு, பாவத்துக்கு அவன் பொறுப்பு.

நான் செய்த கூவியில் குறை என்று கடைப்படி ஏறி வந்தவர்கள் இதுவரை இரண்டே பேர், வீரக்குட்டியும் யோகமலரும். இருவருக்கும் அன்றைக்கே திருத்திக் கொடுத்தேன்.