ஒன்பது புள்ளி நான்கு

வீட்டில் இரண்டு கணினிகளை இணைத்திருக்கிறீர்கள், கோப்புகள் மெதுவாகப் போகின்றன என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அதில்தான் இருக்கும். மாத்தளை நகரில் பதினோரு வருடம் கணினிக் கடை வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். ஒருவரும் என்னைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

லெட்சுமணனும் சொல்லவில்லை. அவனைப் பற்றிக் கேட்டு எழுத வந்திருக்கிறீர்களே, அதை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவன் இரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணித வாத்தியார். மனைவி கிருஷ்ணம்மா வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள் எல்லாம் டைப் பண்ணிக் கொடுப்பாள். 2008 தொடக்கத்தில் தங்கள் இரண்டு கணினிகளையும் இணைப்பதற்காக அவன் என்னிடம் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் வாங்கினான். பெட்டியில் வேகம் நொடிக்கு நூறு மெகாபிட் என்று போட்டிருந்தது. அந்த ஸ்டிக்கரை ஒட்டியது நான். உள்ளே இருந்தவை கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்ட பத்து மெகாபிட் கார்டுகள். துடைத்து, புதுப் பெட்டியில் வைத்தேன். அவை வேலை செய்யாமல் இல்லை. வேகத்தை யார் கண்ணால் பார்க்கப் போகிறார்கள்?

அவன் பார்த்துவிட்டான். இணையத்திலிருந்து இலவச மென்பொருள் ஒன்றை இறக்கியிருந்தான். ஒரு கணினியில் அதைக் காத்திருக்க வைத்து, மற்றதிலிருந்து வெறும் தகவலை அள்ளி அனுப்பினால், நொடிக்கு எவ்வளவு போகிறது என்று வரிவரியாகக் காட்டும். அந்த வரிகளை அச்செடுத்து, மேலே தன் பெயரையும் திகதியையும் வாத்தியார் கையெழுத்தில் எழுதி, ஒரு புதன்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தான்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. நூறுன்னு குடுத்தீங்க, ஒம்பது புள்ளி நாலுக்கு மேல போக மாட்டேங்குது. கேபிளயும் மாத்திப் பாத்துட்டேன். ஒங்களுக்குக் குடுத்தவங்க ஒங்கள ஏமாத்தியிருக்காங்க போல."

அப்போது கடையில் மருந்துக்கடை றஹீம் இருந்தார். ஒரு மாதத்துக்கு முன்பு என்னிடம் நான்கு கார்டுகள் வாங்கியவர்.

"அப்ப எங்கட கார்டயும் ஒருக்கா பாத்துத் தாங்களேன் மாஸ்டர்," என்றார்.

"ஞாயித்துக்கெழம வாறேன், றஹீம் நானா. சும்மா கெடைக்கிற மென்பொருள்தான். சேர் கடையில இருக்கிற எல்லாத்தையும் பாத்துரலாம்."

இதை அவன் எனக்கு உதவி செய்வதாக நினைத்தே சொன்னான். மென்பொருள் இருந்த சிடியையும் தாளையும் மேசையில் வைத்தான். நான் தேநீர் வரவழைத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

அன்று மாலையே அந்த மென்பொருளை என் கணினிகளில் ஓட்டிப் பார்த்தேன். நல்ல மென்பொருள். பொய் சொல்லத் தெரியாதது. அது எப்படி வேலை செய்கிறது, ஒவ்வொரு எண்ணும் எதைக் குறிக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் எனக்கு முழுக்க விளங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை இராணுவச் சோதனைச் சாவடிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி ஒருவரின் கணினியை நான்தான் பழுது பார்ப்பேன். சிங்களத்தில் பேசினோம். தமிழரான ஒரு வாத்தியார் வீட்டில் இரண்டு கணினிகள் வைத்திருக்கிறார் என்றேன். ஒன்றிலிருந்து மற்றதற்குத் தகவல் அனுப்புகிறார், அதில் சொல்லோ வாக்கியமோ இல்லை, எண்கள்தான் வருகின்றன என்றேன். தாளைக் கொடுத்தேன். நான் தமிழன், யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனைப் பற்றி இப்படிச் சொன்னால் அவர்கள் இரண்டாம் முறை கேட்பதில்லை. இதில் எந்தச் சொல் பொய் என்று காட்டுங்கள்.

"இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்?" என்று அவர் கேட்டார்.

"எனக்கு விளங்கவில்லை, மாத்தயா," என்றேன்.

சரி, அது ஒன்று பொய்.

சனிக்கிழமை காலை அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். இரண்டு கணினிகளையும் எடுத்துப் போனார்கள். ஒரு முகாம் என்றார்கள், பிறகு இன்னொரு முகாம் என்றார்கள். அதன் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை றஹீம் வந்து எட்டிப் பார்த்தார். விஷயம் கேள்விப்பட்டு, கார்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போனார்.

வருத்தமா என்று கேட்டீர்கள். இல்லை. பதினோரு வருடம் கட்டிய பெயரை ஒரு துண்டுத் தாளால் அழிக்கவிட நான் முட்டாள் இல்லை. நான் வாயால் சொன்னேன். பிடித்துப் போனவர்கள் அவர்கள். அவர்களிடம் போய் இப்படி உட்கார்ந்து கேள்வி கேட்பீர்களா?

அடுத்த வாரம் கிருஷ்ணம்மா வந்தாள். கைப்பிள்ளை இடுப்பில் இருந்தது.

"சேர், அது வேகம் பாக்கிற மென்பொருள்தான்னு நீங்க ஒரு கடுதாசி எழுதித் தந்தா விட்டுருவாங்கன்னு சொல்றாங்க. இந்த ஊர்ல ஒங்க பேச்சுக்குத்தான் மதிப்பு. ஒங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்காங்க?"

அவள் சொன்னது உண்மைதான். நான்கு வரி எழுதினால் போதும். வேறு யார் எழுதினாலும் நம்பியிருக்க மாட்டார்கள். நான் எழுதவில்லை.

"அப்படி எழுதினா ஒங்களையும் சந்தேகப்படுவாங்கம்மா. பிள்ளைங்கள நெனச்சுப் பாருங்க. பேசாம அம்மா வீட்டுக்குப் போங்க," என்றேன்.

போய்விட்டாள். போகும்போது பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் கூப்பி என்னைக் கும்பிட்டாள். நான் கெட்டவனா என்று நீங்கள் அவளிடமே கேட்டுப் பாருங்கள்.