லிஃப்டின் மேல் குற்றமில்லை

கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் சேரும். தினமும் காலையில் அடித்திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். புனே எரவாடாவில் என் கராஜுக்கு நீங்கள் சீல் வைத்து ஆறு நாளாகிறது. யாரும் வடித்திருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை எழுதும்போதே மூன்று முறை எழுந்து போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன், இன்ஸ்பெக்டர் சாஹேப். அம்மா பைபிளை வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் எனக்கு ஒழுங்காக எழுத வரும். யாரையாவது வைத்து வாசித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை ஜெரால்டினின் கணவர் மெர்வின் காருக்கடியில் நசுங்கி இறந்தார். பழைய காற்று லிஃப்ட் பழுதானதுதான் காரணம் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அது தவறு.

அந்த லிஃப்ட் தரைக்குள் இறங்கிய ஒற்றைத் தூண். காற்று எண்ணெயை அழுத்தும், எண்ணெய் தூணைத் தூக்கும், தூணின் தலையில் கார் உட்கார்ந்திருக்கும். அதற்கு எழுபது வயது. துருவேறிக் கிடந்ததை வெளியே எடுத்து நான்கு வருடம் உழைத்தேன். தோல் வாஷரை மட்டும் பதினோரு முறை மாற்றினேன். கடைசியில் ஓர் அம்பாசடரைத் தூக்கி மூன்று நாள் அப்படியே விட்டேன். ஒரு நூல் இறங்கவில்லை. அன்று அழுதேன். கல்யாணம் செய்துகொள்ளாதவனுக்கு ஆனந்தமாய் அழ வேறென்ன இருக்கிறது?

மெர்வின் கெட்டவர் இல்லை. கராஜில் பாதி என் தங்கையுடையது. ஹிஞ்சேவாடி கம்பெனி வண்டிகளை சர்வீசுக்கு எடுக்கலாம், கரண்ட் லிஃப்ட் நாலு போடலாம் என்றார். என் லிஃப்டை உடைத்து, குழியை கான்கிரீட்டால் மூட ஆளும் சொல்லிவிட்டார். இறந்த அன்று மதியம் தூணைச் சுற்றியுள்ள போல்ட்டுகளைப் பார்க்கச் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்தார். மேலே ஒரு பழைய ஃபியட்.

"முழுசா ஏத்துறேன் மாப்ள. அப்பத்தான் பூட்டுக்கால் விழும். அது விழுந்துட்டா எறங்காது" என்றேன்.

"டைம் நஹி மச்சான். முழங்கால் ஒசரம் போதும். நாளைக்கு ஒடைக்கப்போற சாமானுக்கு இவ்ளோ பந்தாவா?"

சாமான் என்றார். நான் எச்சரித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இறக்கும் கைப்பிடியில் ஒரு ஸ்பிரிங் உண்டு, நானே பொருத்தியது. அழுத்திப் பிடித்திருந்தால்தான் கார் இறங்கும். கையை எடுத்தால் அந்த நொடியே நின்றுவிடும். அவ்வளவு பாதுகாப்பான சாதனம். இறங்குவதும் நிதானமாகத்தான். முழங்கால் உயரத்திலிருந்து இருபத்திரண்டு வினாடி.

"மச்சான், எறங்குது" என்றார் மெர்வின். பிறகு "மச்சான்" என்று மட்டும் சொன்னார். குதிகாலை ஊன்றி வெளியே வரப் பார்த்தார். பலகையின் சக்கரத்தை என் பூட்ஸ் தடுத்துக்கொண்டிருந்தது. லிஃப்ட் சொன்னபடி கேட்டது, நடுவில் ஒரு குலுக்கல்கூட இல்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் ஜெரால்டின் என் தோளில் சாய்ந்து அழுதாள். "அண்ணே, அந்தச் சனியன ஒடச்சுப் போட்டுரு" என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிடக் கூடாது சாஹேப். இருபத்திரண்டு வினாடியும் கைப்பிடியைப் பிடித்திருந்தது ஆர்தராகிய நான்தான்.

இதை அவளிடம் நீங்களே சொல்லுங்கள். என் தங்கை நியாயம் தெரிந்தவள். லிஃப்ட் ஒரு தப்பும் செய்யவில்லை என்று தெரிந்தால் அவள் மனது ஆறிவிடும்.