பட்டியலில் வராத கணினி

விடியற்காலை மூன்றேகால் மணி. ஊருக்கு வெளியே ஒரு லாரிகூட வராத சாலை... பைக்கில் அவன் மட்டும். அவன் என் மச்சானுடைய சகலை. சிரிக்காதீர்கள், நிஜமாக நடந்தது. யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள்.

அவனுக்கு டேட்டா சென்டரில் வேலை. அங்கே ஒரே பெரிய சர்வருக்குள் இருபது கணினிகள் ஓடும். உடம்பில்லாத கணினிகள், விஎம் என்பார்கள். கட்டளை அடித்துத்தான் எழுப்ப வேண்டும், அடித்துத்தான் நிறுத்த வேண்டும். அதில் ஒன்று, கூட வேலை பார்க்கும் ஒரு அண்ணனுடையது. காய்ச்சலில் போய்விட்ட மகளின் குரல் பதிவுகளை அதில்தான் வைத்திருந்தார். இப்போது வீட்டில் அவர் ஒற்றை ஆள். அவள் பிறந்தநாளுக்கு மட்டும் அதை எழுப்பிக் கேட்பார்... பேச்சுக்கு நடுவே அவள் இருமுவதைக்கூட. மற்ற நாளெல்லாம் அது அணைந்தே கிடக்கும்.

போன மாதம் சர்வரில் இடம் போதவில்லை. இவன் பட்டியல் கேட்டான். சும்மா கேட்டால் ஓடுகிறவை மட்டுமே வரும். அணைந்தவையும் வேண்டுமென்றால் கூடவே ஒரு சொல் சேர்த்து அடிக்க வேண்டும். அடிக்கவில்லை... சோம்பல், வேறென்ன! பட்டியலில் இருந்த எந்தப் பெயரோடும் சேராத கோப்பு ஒன்று சர்வரில் கிடந்தது. ஏதோ பழைய குப்பை என்று அழித்துவிட்டான். யாருடையது என்று மறுநாள்தான் தெரிந்தது.

"டிஸ்க் போயிடுச்சுண்ணே" என்று வாய் கூசாமல் சொன்னான்.

"விடுடா, நீ என்ன பண்ணுவ?" என்று அவர் இவன் தோளைத் தட்டினார்.

அன்றிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு திரிந்தான்.

நான் முதலில் சொன்ன அந்த விடியற்காலையில், இடம் மறுபடி நிரம்பிவிட்டதென்று எச்சரிக்கை வந்துதான் அந்த நேரத்தில் ஓடினான். குளிர் அறை... மின்விசிறிகளின் இரைச்சல். பட்டியல் கேட்டான். கடைசி வரியில் அவள் பெயர்... அண்ணன் தன் கணினிக்கு வைத்திருந்த பெயர். ஓடிக்கொண்டிருந்தது.

நிறுத்தினான். மறுபடி கேட்டான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. கோப்பைத் தேடினான்... கோப்பே இல்லை.

எங்கிருந்தோ இருமல் மருந்து வாசனை. இரைச்சல் சட்டென்று நின்றது. அந்தக் கணினிக்குள் நுழைந்தான். கறுப்புத் திரையில் ஒரே வரி.

'சித்தப்பா, அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?'

அவனை அப்படிக் கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள்.

விழுந்தடித்து வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டான். "அண்ணே... டிஸ்க் போகல. நான்தான் அழிச்சேன். பொய் சொல்லிட்டேண்ணே, மன்னிச்சிடுங்க." தேம்பித் தேம்பி அழுதான்.



"தெரியும்டா" என்றார் அண்ணன் மெதுவாக. "இப்பதான் சொன்னா."

அவருக்குப் பின்னால், சின்னதாக ஒரு இருமல்.