கேட்காமலே மழை சொன்ன கம்ப்யூட்டர்

டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் லாரி எடைமேடை வைத்திருப்பவர், மற்றவர் உப்பு வியாபாரி.

“புது கம்ப்யூட்டரு என்னைய வேவு பாக்குது, அண்ணாச்சி” என்றார் எடைமேடைக்காரர்.

“என்ன சொல்லுதிய?”

“பழைய டாஸ் கம்ப்யூட்டரு கறுப்புத் திரையோட கம்முனு கெடக்கும். நாம தட்டுனாத்தான் பதில் சொல்லும். இது, கேக்காமலே இங்கன மழை வரும்னு சொல்லுது. நான் தூத்துக்குடியில இருக்கேன்னு அதுக்கு எவன் சொன்னான்?”

“அதுக்கு என்ன செஞ்சிய?”

“உண்மையான எடைய பழசுலதான் ஏத்துதேன். புதுசுக்கு வாய்க்கு வந்த எடையக் குடுத்திருவேன்.”

ஜன்னலுக்கு வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வியாபாரி அவர் பக்கம் திரும்பினார்.

“நம்ம உப்பு லாரிக்கு ரசீது எதுல அடிக்கிய?”

எடைமேடைக்காரர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குத்தான் டிக்கெட் வாங்கியிருந்தார். அது வர இன்னும் நாலு நிறுத்தம் இருக்க, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.