மச்சான் கேட்கும் முறை

பெயரும் தகப்பனார் பெயரும் மேலே எழுதியுள்ளபடி. வயது ஐம்பத்தெட்டு. பாலத்தடிச் சந்து எட்டாம் எண் வீட்டு மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் தொழில். இறந்துபோனவர் என் மனைவியின் அண்ணன். சீட்டாட்ட மன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக அவரும் நானும் பிரிட்ஜ் ஆட்டத்தில் ஜோடி. அவர் மகள் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது.

பிரிட்ஜில் ஆட்டத்துக்கு முன்னால் ஏலம் உண்டு. எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று நால்வரும் முறை வைத்துக் கேட்க வேண்டும். வாயால் கேட்பதில்லை, பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைப்போம். ஜோடிக்கு ஜாடை காட்டக் கூடாது. ஜோடி தயங்கினால் அந்தத் தயக்கத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ளவும் கூடாது. எழுதும் காவலர் "யார் யாரை என்ன கேட்டது?" என்று மூன்று தடவை கேட்டதால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

போன வருடம் மன்றத்தில் ஒருவர், "மாமனும் மச்சானும் கண்ணாலேயே பேசிக்கிறாங்கப்பா" என்று சொல்லிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அன்று முதல் ஏலம் முடியும்வரை எதிரே உட்காரும் மைத்துனர் முகத்தைப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அவரிடமும் சொன்னேன். "பார்க்காட்டி போ மாப்பிள்ளை, முப்பது வருஷமா உன் மூஞ்சிய பார்த்து எனக்கும் அலுத்துப்போச்சு" என்று சிரித்தார்.

சம்பவத்தன்று பகல் மூன்று மணி சுமாருக்கு, மன்றத்துப் போட்டியின் ஒன்பதாவது ஆட்டத்தில், நான் ஒரு இஸ்பேடு கேட்டேன். அதன் பின் என் இடப்பக்கம் இருந்த பல் மருத்துவர் அம்மாள் இரண்டு ஆட்டின் கேட்டார். அதன் பின் மைத்துனர் முறை. மன்றத்தில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். சரியோ தப்போ, பத்து விநாடிக்கு மேல் எடுத்ததில்லை. அன்று அட்டை வரவில்லை. பெட்டிக்குள் அட்டைகள் உரசும் சத்தம் வந்தது, எடுக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு இஸ்பேடா, கேட்காமல் விடும் பாஸா என்று என் சீட்டைப் பார்த்தபடியே கணக்குப் போட்டேன். அதன் பின் எரிச்சல் வந்தது. இவ்வளவு யோசித்துவிட்டு அவர் பாஸ் வைத்தால், அடுத்து நான் எது கேட்டாலும் அவர் யோசனையைப் பார்த்துக் கேட்டதாகத்தான் சொல்வார்கள், இப்படிக் கையைக் கட்டிப்போடுகிறாரே என்று மனதுக்குள் திட்டினேன். திட்டியதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். சுவர்க் கடிகாரப்படி நான்கு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தேன், அவரைப் பார்க்கவில்லை.

அதன் பின் பல் மருத்துவர் அம்மாள் கையைத் தூக்கி, "நடுவர் சார், இங்க ரொம்ப நேரமா யோசிக்கிறாங்க" என்று புகார் செய்தார். நடுவர் வந்து குனிந்து, மைத்துனர் தோளைத் தொட்டு, "சார், சார்" என்றார். அப்போதுதான் நிமிர்ந்தேன். மைத்துனரின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பின் ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மூன்றாம் நாள் காலை இறந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். நான்கு நிமிடம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னார்.

மைத்துனர் கையிலிருந்து நடுவர் எடுத்து வைத்த பதின்மூன்று சீட்டையும் பிற்பாடு பார்த்தேன். ராஜா ராணி எதுவும் இல்லை, பெரிய சீட்டே ஒன்பதுதான். நேற்று ஆட்டம் கற்றவன்கூட பாஸ் வைத்துவிடுவான். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

தகப்பனாரைக் கவனிக்காமல் விட்டேன் என்று புகார் கொடுத்த அவர் மகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் மனைவி புகார் எதுவும் கொடுக்கவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "எதிர்லதானே உக்காந்திருந்தீங்க, என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். கேட்கும் முறை அவருடையது என்று இருந்துவிட்டேன்.

இதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, உண்மை. "ரெண்டு மூணு நிமிஷம்னு போட்டுக்கலாமா சார்?" என்று காவலர் கேட்டார். நான்கு என்றே இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.