மீராசா என்ற ஒப்ஜெக்ட்

அந்தி மஃரிப் தொழுகை முடிந்த நேரம். ஒலுவில் துறைமுகத்தில் இருந்து நிந்தவூர்ப் பக்கம் வரும் வீதி… ஒரு நாய்கூட இல்லை. என் கூட்டாளி றாஸிக் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். முன்னால் ஒருவர் நடந்து போனார். இடுப்பில் நனைந்த சாரன். அடி வைக்க வைக்க… சளக்… சளக். மழை பெய்து ஒரு மாதம் இருக்கும்.

“காக்கா, ஏறுறீங்களா?” என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கேட்டான்.

அவர் தன்பாட்டில் நடந்தார். டீசலும் பழைய வலையும் கலந்த மணம் மட்டும். றாஸிக் திரும்பிப் பார்க்காமல் வந்து சேர்ந்தான்.

பஸ்மினா, சிரிப்பை நிறுத்து. போன கரண்ட் வரும்வரைக்கும் இந்தக் கதையைக் கேள். கம்பியூட்டர்க் கதைதானே என்று நினைக்காதே.

றாஸிக்கின் மச்சான் றஸ்மிக்குக் கல்முனை பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு மேல்மாடி அறை. வெளிநாட்டுக் காப்புறுதிக் கம்பனி ஒன்றின் மெயின்ஃப்ரேமுக்கு அங்கிருந்தே வேலை செய்தான். பெரிய, பழைய இயந்திரம். ஆளின் விபரம் ஓரிடத்தில் கிடக்கும், அதை வைத்துச் செய்யும் வேலை வேறிடத்தில். இனி ஒப்ஜெக்ட் முறைக்கு மாறவேண்டும் என்று கம்பனி சொல்லிவிட்டது. அந்த முறையில் ஒவ்வோர் ஆளும் ஓர் ஒப்ஜெக்ட். தன் விபரத்தைத் தானே வைத்திருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் தானே பதில் சொல்லும்.

சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். றஸ்மி தன் வாப்பாவின் பேரைப் போட்டான். மீராசா. ஒலுவிலில் இருந்து கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. படகும் இல்லை, கரையொதுங்கிய மையித்தும் இல்லை. இடம்: ஒலுவில் என்று போட்டான். உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு கேள்வி வந்தது. அங்கே கை நின்றது. புருஷனை இழந்த பெண் இருக்கவேண்டிய இத்தாவை அவனுடைய உம்மா சல்மா இன்னும் இருக்கவில்லை. வெள்ளை உடுத்தி அறைக்குள் இருந்துவிட்டால், புருஷன் மௌத் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பிடிவாதம். உம்மா சொல்லாததை மகன் எப்படிச் சொல்வான்? ‘ஓம், இருக்கிறார்’ என்று போட்டான்.

மறுநாள் கூப்பிட்டுப் பார்த்தான்.

இடம்: நிந்தவூர்.

கம்பனியில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தான். ஆனால் அந்த நாட்டில் யாருக்கு நிந்தவூரைத் தெரியும்? அடுத்த நாள்… காரைதீவு. அதற்கடுத்த நாள் சாய்ந்தமருது. எல்லாம் ஒலுவிலில் இருந்து கல்முனைக்கு வரும் வீதியில் உள்ள ஊர்கள். வாப்பாவின் பேரைப் போட்ட அன்றிரவு வீதியில் கண்டதை றாஸிக் அப்போதுதான் சொன்னான். றஸ்மி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான்.

“மச்சான், வாறது வாப்பாவா… வாப்பாட உருவத்துல வேற ஏதுமா?”

“எனக்கெண்டா விளங்கல்ல. அத அழிச்சிரு.”

“வாப்பாவ நானே எப்பிடி அழிக்கிற?”

அன்றைக்கு அழிக்கவில்லை. அடுத்த நாள் மஃரிப் பாங்கு சொல்லும்போது திரும்பவும் கூப்பிட்டான். கல்முனைக்குடி என்றது. அவனுடைய ஊர். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம்…

இடம்: வாசல்.

அந்தச் சொல்லை அவன் அதற்குக் கொடுத்ததே இல்லை.

மஃரிபுக்கு எல்லா வீட்டிலும் பிஸ்மி சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். சல்மா உம்மா மட்டும் சாத்துவதில்லை. “அவர் வாற நேரம்” என்பார். வீட்டில் தனியாக இருந்தார். றஸ்மி போன் எடுத்தான். மணி அடித்தது… அடித்துக்கொண்டே இருந்தது. உம்மாவை நினைத்துப் பயந்துபோனான். அழி என்று கட்டளை கொடுத்தான். திரை வெறுமையானது. உடனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

கேற் திறந்து கிடந்தது. டீசல் மணம். உம்மா அறை மூலையில் பாயில் இருந்தார். வெள்ளை உடுத்தி…

“என்ன உம்மா இது?”

“இத்தா இருக்கன் மகன். வாப்பா இப்பதான் மௌத்தாகினாரு.”

அவன் அழித்ததை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. உம்மா வாசலைக் காட்டினார்.

“வாசலுக்கு வந்திட்டாரு. உள்ள ஒரு கால எடுத்து வெச்சாரு. ‘றஸ்மி, அழிக்காத மகன்’ எண்டாரு… அவ்வளவுதான்.”

றஸ்மி வெளியே வந்து போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். கேற்றில் இருந்து முற்றத்து மணலில் ஈர அடிகள் வந்திருந்தன. கடைசி அடி, நிலைப்படிக்கு உள்ளே. ஒரே ஒரு கால்தான்.

திரும்பிப் போன அடி எங்கேயும் இல்லை.